தொண்டையும் தியேட்டரும்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாள் முதல் ஆளாளுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன். பள்ளிவாசலில் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக, பாடசாலையில் கேட்பவர்களுக்குச் சற்று நீட்டி, சொந்தக்காரருக்கு உப்புப் புளி சேர்த்து. போன கிழமை என் மகள் றிஸ்னா, "வாப்பா, ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லுறீங்க. ஒருக்கா ஒழுங்கா எழுதி வைங்க" என்றாள். எழுத உட்கார்ந்த பிறகுதான் எனக்கே ஒழுங்கு தெரியவில்லை என்று தெரிகிறது. அந்த நாட்களில் நான் நடித்தேனா, பார்த்தேனா, என்னைச் சுற்றி நின்றவர்கள் நடித்தார்களா என்பது இன்னும் பிடிபடவில்லை. குழப்பத்தைக் குழப்பமாகவே எழுதிவிடுகிறேன்.

நான் கல்முனையில் ஒரு பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். கணிதம் படிப்பிப்பவரை ஊர் கணக்கு சேர் என்கிறது. என்னைத் தியேட்டர் சேர் என்கிறது. எனக்குப் பெண் பேசிய காலத்தில் மாமனார் தரகரிடம், "மாப்பிள எந்தத் தியேட்டர்ல வேல? டிக்கட் கிழிக்கிறவரா?" என்று கேட்டாராம். அப்போது ஊரில் தியேட்டர் என்றால் படம் ஓடுகிற கொட்டகை மட்டும்தான். அதனால் வகுப்பில் நான் அந்தச் சொல்லை உள்ளேயே விடமாட்டேன். "அரங்கு எண்டு எழுதுங்க" என்பேன். அந்த ஆங்கிலச் சொல்லின் வேரைப் பிடித்துப்போனால் 'பார்க்கும் இடம்' என்றுதான் பொருள் வரும் என்று ஒரு முறை விளக்கிவிட்டு, மறுபடி அரங்குக்குத் திரும்பிவிடுவேன். யுத்த காலத்தில் ஆங்கிலப் பத்திரிகைகள் சண்டை நடக்கிற நிலத்தையும் அதே சொல்லால் எழுதின. அந்தத் தியேட்டருக்குள் நாங்கள் டிக்கட் எடுக்காமலே இருந்தோம்.

என் மனைவி நிஹாரா என்னுடைய ஒரு நாடகத்தையும் பார்த்ததில்லை. கலியாணம் முடித்த புதிதில் அவளுடைய அண்ணன்மாரான நானாமார், சனக்கூட்டத்துக்குள் போய் இருக்க வேண்டாம் என்றார்கள். பிறகு பிள்ளை, வீடு, வேலை. பிறகு அது வழக்கமாகிவிட்டது. வேடத்துக்கான உடுப்புகளைத் தைப்பாள், கழுவிக் காயப்போடுவாள், ஒப்பனைப் பெட்டியை எடுத்துத் தருவாள். நான் வெளிக்கிடும்போது, "போயிட்டு வாங்க" என்பாள். நானும் வா என்று கூப்பிட்டதில்லை, அவளும் வரட்டுமா என்று கேட்டதில்லை.

நோய் தெரிந்ததும் ஒரு நாடகத்தில்தான். மாகாணப் போட்டிக்கு மாணவர்களைப் பழக்கிக்கொண்டிருந்தேன். கதையில் ஒரு தோணிக்காரன் வருகிறான். இருட்டில் ஆற்றின் மறுகரையைப் பார்த்து அவன் ஒரு வசனத்தைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்: "அக்கரையில ஆரு நிக்கிற? கூப்பிடுங்க, கேக்கும்!" கடைசி வரிசைக்குப் போகும்படி எப்படிச் சொல்வதென்று காட்டப்போன எனக்கு, 'கூப்பிடுங்க' என்ற இடத்தில் குரல் உடைந்து போனது. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிக்கும்போது நிஹாரா என் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சாருங்க, தொண்டயில என்னமோ ஏறி இறங்கிது."

"வசனம் ஒண்டு சிக்கிட்டு புள்ள."

"நாடகம் போடாதீங்க. கண்ணாடியில பாருங்க."

பார்த்தேன். விழுங்கும்போது ஒரு கட்டி மேலே ஏறி, தன் பாட்டில் கீழே இறங்கியது.

கழுத்தின் அடிப்பக்கத்தில் தைரொயிட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. உடம்பு எந்த வேகத்தில் ஓட வேண்டுமென்று தீர்மானிக்கிற நீரை அது சுரக்கிறது. என் கட்டி அதற்குள் இருந்தது. இரத்தம் எடுத்தார்கள். வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கிற அதே ஸ்கேன் கருவியைக் கழுத்தில் வைத்து உருட்டினார்கள். பிறகு மெல்லிய ஊசியொன்றைக் கட்டிக்குள் குத்தி, கொஞ்சம் உயிர்க்கலங்களை உறிஞ்சியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை கிளினிக் வாங்குப் பலகையில் நானும் நிஹாராவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த டெங்கு விளம்பரத்தை மனப்பாடம் செய்தோம். கடைசியில் வந்த முடிவு என்னவென்றால், முடிவு சொல்ல முடியாது என்பதுதான்.

சத்திரசிகிச்சை நிபுணர் சிங்களவர், நல்ல மனிதர். கற்றுக்கொண்ட தமிழில் நிதானமாகச் சொன்னார். "சேர், இது நல்ல கட்டியாவும் இருக்கலாம். கூடாத கட்டியாவும் இருக்கலாம். ஊசியில தெரியாது. சுரப்பியில அந்தப் பாதியை வெளியில எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

அதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அடுத்ததாக அவர் சொன்னதுதான் பெரிது. சுரப்பிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நூல் போல ஒரு நரம்பு ஓடுகிறதாம். குரலை அசைப்பது அந்த நரம்புதான். மிகக் கவனமாகச் செய்வார்களாம். ஆனாலும் சிலருக்கு அது அடிபட்டுக் குரல் கரகரத்துப் போகலாமாம், பெலன் குறையலாமாம்.

"சேர் என்ன வேலை?"

"நாடகம்" என்றேன். அவர் கையிலிருந்த பேனையைக் கீழே வைத்தார்.

ஒப்பரேஷனுக்கு முன்னர் குரல்நாண்கள் ஒழுங்காக அசைகின்றனவா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். மூக்கு வழியாக விளக்கு வைத்த ஒரு குழாயை விட்டார்கள். பக்கத்துத் திரையில் இரண்டு வெள்ளை நாடாக்கள் தெரிந்தன. 'ஈ' என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னதும் நாடகத் திரை போல இரண்டும் நடுவில் வந்து மூடின, மூச்செடுக்கத் திறந்தன. இத்தனை வருடம் இதை வைத்துத்தான் பிழைத்திருக்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்தது. மூக்கில் குழாய் விட்டால் எல்லோருக்கும் வருமென்று தாதி சொன்னார். அந்த அளவில் விட்டுவிட்டேன்.

இனித்தான் குழப்பம் தொடங்குகிறது. எங்கள் ஊரில் ஹஜ்ஜுக்குப் போகிறவரும் ஒப்பரேஷனுக்குப் போகிறவரும் சொந்தம், அயல் எல்லோரிடமும் போய் மாப்புக் கேட்பது வழக்கம். தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது. நான் போகவில்லை. வீடு வீடாகப் போனால் சின்ன ஒப்பரேஷன் பெரிதாகிவிடும் என்று நினைத்தேன். ஊர் வேறு மாதிரி நினைத்தது. சேர் மாப்புக் கேட்க வரவில்லையென்றால் எழும்பி நடக்க ஏலாத நிலைமை போல என்று முடிவெடுத்து, ஊரே என்னிடம் வந்துவிட்டது.

ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கையில் தோடம்பழம், மால்ட், பிஸ்கட். என் கையைப் பிடித்து, "ஏதும் பிழ செஞ்சிருந்தா மாப்பாக்குங்க சேர்" என்றார்கள். சிலர் கழுத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பின்னேரம் ஆக ஆகச் சந்தேகம் வந்தது. இவர்களுக்கு யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். எனக்குச் சொல்லாத ஒன்று வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் பள்ளிவாசல் மௌலவியும் வந்தார். பாடசாலை மண்டபத்துக்கும் பள்ளிவாசலுக்கும் நடுவில் ஒரு மதில்தான். நாடகம் என்பது அழகாகச் சொல்லப்படுகிற பொய் என்று வெள்ளிக்கிழமை குத்பாப் பிரசங்கத்தில் சொல்லிவிட்டு, தொழுகை முடிந்ததும் எனக்கு ஸலாம் சொல்லிக் கைகொடுக்கிறவர். அவரும் மாப்புக் கேட்டபோது நான் நிச்சயித்துவிட்டேன், கதை முடிந்தது என்று.

அதன் பிறகு வீட்டில் எல்லோரையும் உற்றுப்பார்த்தேன். நடிப்புக்குப் புள்ளி போடுகிறவன் நான். நிஹாராவின் சிரிப்பு ஒரு பிடி கூடுதல். றிஸ்னாவின் புருஷனான மருமகனின் பகிடி இரண்டு பிடி கூடுதல். றிஸ்னா, "ஒண்டும் இல்ல வாப்பா, சின்ன விசயம்" என்று சொல்லும்போது கண் ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமும் போயின. என் வகுப்பாக இருந்தால் மூன்று பேரையும் மறுபடி செய்யச் சொல்லியிருப்பேன். நானும் சும்மா இருக்கவில்லை. அவர்கள் பயந்துவிடக்கூடாதென்று, எனக்கு ஒன்றும் பயமில்லை என்கிற பாத்திரத்தை எடுத்துக்கொண்டேன்.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் தம்பிலுவில் ஊர்த் தங்கராசா அண்ணன் இருந்தார். வயல் செய்கிறவர், குடலிறக்கத்துக்கு வந்திருந்தார். தாதி வந்து, "நாளைக்கு உங்க ரெண்டு பேருக்கும் தியேட்டர். தண்ணியும் குடிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"சேர், ஒரு காலத்தில தியேட்டர் எண்டா பவுடர் போட்டுச் சைக்கிள்ல போன நாங்க. தம்பிலுவில்ல இருந்து அக்கரைப்பற்றுக்குப் படம் பாக்க. இப்ப பாருங்க, தியேட்டர் எண்ட உடனே கால் நடுங்குது."

எனக்குள் இருந்த வாத்தியார் எழும்பிவிட்டார். அரங்கு, பார்க்கும் இடம், பார்வையாளர் என்று ஒரு பாடமே எடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப சேர், பாக்கிற இடம் எண்டா, நம்மள மயக்கிப் போட்டுப்போட்டு ஆர் பாக்கிற?"

அதை யோசித்துக்கொண்டே கிடந்தேன்.

அடுத்த நாள் பின்பக்கம் முடிச்சுப் போடுகிற பச்சை உடுப்பைத் தந்தார்கள். மருமகன் வெட்கப்பட்டுக்கொண்டே முடிச்சுப் போட்டுவிட்டார். நிஹாரா என் மோதிரத்தைக் கழற்றித் தன் விரலில் போட்டுக்கொண்டாள். அது அவளுக்குப் பெரிது, கையை மூடிப் பிடித்துக்கொண்டாள். தள்ளுவண்டி புறப்படும்போது, மேடைக்கு அனுப்புகிறபோது சொல்கிற அதே சொல்லைத்தான் சொன்னாள். "போயிட்டு வாங்க." கதவு வரைக்கும்தான் வந்தாள். அதற்கு மேல் யாரையும் விடமாட்டார்கள்.

உள்ளே குளிர். மேலே பெரிய வட்ட விளக்குகள். எல்லோரும் முகத்தை மூடியிருந்தார்கள், கண்கள் மட்டும் தெரிந்தன. முகத்தால் நடிக்க முடியாத இடம் இது என்று நினைத்தேன். ஒரு சோடிக் கண்கள் என்மேல் குனிந்தன.

"சேர், என்னத் தெரியுதா? சிமாரா. எட்டாம் வகுப்பில கிழவன் வேசம் போட்டன். நாந்தான் மயக்க மருந்து தாற டொக்டர்."

சத்தியமாகத் தெரியவில்லை. தாடி ஒட்டிய கிழவனைத்தான் நினைவிருக்கிறது. ஆனாலும் தெரிகிறது என்று தலையாட்டினேன். அவளிடம் தங்கராசா அண்ணனின் கேள்வியைக் கேட்டேன்.

"முந்தி வெளிநாட்டில மாணவர்கள் படிக்கட்டு வரிசையில இருந்து ஒப்பரேஷனப் பாக்கிறயாம் சேர். அதால வந்த பேராம். இப்ப பாக்க ஆக்கள் இல்ல. ஓதிட்டீங்களா?"

கலிமாவைச் சொன்னேன். மயங்குமுன் என் குரலில் நான் கேட்ட கடைசி வார்த்தை அதுதான்.

கண் விழித்தபோது வார்டில் இருந்தேன். கழுத்தில் கட்டு. கட்டுக்குள்ளிருந்து ஒரு குழாய், கசிகிற இரத்தத்தைக் கட்டில் ஓரத்துப் போத்தலுக்குள் இறக்கிக்கொண்டிருந்தது. தொண்டைக்குள் மண் போட்டது போல இருந்தது. நிஹாராவின் முகம் மேலே வந்தது. "இஞ்சாருங்க, எப்பிடி இரிக்கு?"

வாயைத் திறந்தேன். திறந்தபடி நிறுத்திவிட்டேன்.

இதை எப்படி விளங்கப்படுத்துவது? குரல் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பேசினால் தெரிந்துவிடும். பேசாதவரை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நான் மாணவர்களுக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், மேடையேறுகிற நாளில் வாய் திறக்கக்கூடாது. தொண்டை நோன்பு என்று அதற்குப் பெயர் வைத்தவனும் நான்தான். அந்த நோன்பைப் பிடித்துக்கொண்டேன். கையைக் காட்டினேன், கண்ணை மூடினேன். ஒப்பரேஷன் செய்த பெரிய டொக்டர் வந்து, "சேர், கொஞ்சம் கதைங்க பார்ப்போம்" என்றபோது நித்திரை போல நடித்தேன். என் வாழ்க்கையிலேயே நன்றாக நடித்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். அவர் நம்பி, பிறகு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் வாய் திறக்காததைப் பார்த்து நிஹாராவின் முகம் கறுத்துப்போனது. சூப்பைக் கரண்டியால் பருக்கினாள். ஒவ்வொரு கரண்டிக்கும் என் தொண்டையைப் பார்த்தாள். றிஸ்னாவால்தான் தாங்க முடியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"வாப்பா, டொக்டர் உங்களுக்கு மட்டும் தனியாச் சொன்னதச் சொல்லுங்க. இனி மறைக்காதீங்க. நாங்க தாங்குவம்."

எனக்குத் தனியாகவா? நான் அல்லவா அவர்கள் மறைக்கிறார்கள் என்று இருந்தேன்! ஒருவருக்கும் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆளையாள் பார்த்துப் பயந்து, ஆளுக்கொரு நாடகம் போட்டிருக்கிறோம். இல்லை என்று தலையாட்டினேன். சொல்ல மாட்டேன் என்று அவள் விளங்கிக்கொண்டாள். இன்னும் சத்தமாக அழுதாள். வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் தீர்ந்துவிடும். அந்த ஒரு சொல்லுக்கு எனக்குத் தைரியம் வரவில்லை.

சேருக்குக் குரல் போய்விட்டது என்ற செய்தி பார்வையாளர் நேரத்துக்கு முன்பே ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மௌலவி வந்தார். தலைமாட்டில் நின்று, என் குரலைத் திருப்பித் தரும்படி கையேந்தித் துஆச் செய்தார். முடிந்ததும் குனிந்து சொன்னார்.

"சேர், உங்கட நாடகம் எனக்குச் சரி இல்ல. ஆனா அஸறுத் தொழுகைக்குப் பொறகு மதிலுக்கு அந்தப் பக்கம் உங்கட சத்தம் கேக்காம இரிக்கிறது, அது இன்னும் சரி இல்ல."

தங்கராசா அண்ணனுக்குத் தையல் இழுத்தது. அதோடேயே கையை நீட்டி என் போர்வையைச் சரி செய்துவிட்டார். "கதைக்க ஏலாட்டியும் பரவாயில்ல சேர். ஊமைப்படமும் ஓடினதுதானே" என்றார். ஆறுதல் சொல்கிறாராம்.

அந்த நேரத்தில்தான் சிமாரா வந்தாள். இப்போது முகமூடி இல்லை. முகத்தைப் பார்த்ததும் கிழவன் தெரிந்துவிட்டான். "சேர், எப்பிடி?" என்றாள்.

"கதைக்கிறாரில்ல டொக்டர்" என்றாள் நிஹாரா. அவளும் அழுதுவிட்டாள்.

சிமாரா எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கதைக்கிறாரில்லயா? இவரா? தியேட்டருக்குள்ள இவர்ட வாய எங்களால மூட ஏலாமப் போயிட்டே!"

மயக்கம் தெளிகிற நேரத்தில் நான் கண்ணைத் திறந்தேனாம். பெரிய டொக்டர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையுறையைக் கழற்றிக்கொண்டு நின்றாராம். நான், "சபைக்கு முதுகு காட்டாத! திரும்பு!" என்று கத்தினேனாம். குரல் கரகரப்புத்தான், ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம். அவருக்கு விளங்கவில்லை. சிமாரா விளக்கம் சொன்னதும், அவர் இரண்டு கையையும் உயர்த்தி என் பக்கம் திரும்பி நின்றாராம். நரம்புக்கு ஒன்றும் இல்லை என்று அங்கேயே சொல்லிவிட்டாராம்.

எனக்கு ஒன்றும் நினைவில்லை. வெட்டியெடுத்த கட்டிக்கான முடிவு பிறகு வந்தது, நல்ல கட்டிதான். அந்தக் கதை அவ்வளவுதான். ஆனால் என்னால் இன்னும் நம்ப முடியாதது இந்தக் கதை. நான் பேசியதை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள், நான் ஒருவன்தான் கேட்கவில்லை.

"இன்னொண்டும் சொன்னீங்க சேர்" என்றாள் சிமாரா. நிஹாராவை ஒரு முறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "'எங்கட வீட்டாள் வருவா. முன்வரிசையில ஒரு கதிர வைங்க. வேற ஆரையும் இரிக்க விடாதீங்க.' திரும்பத் திரும்ப இதத்தான் சொன்னீங்க."

மௌலவி ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். இத்தனை வருடம் கேட்காத ஒன்றை மயக்கத்தில் கேட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது. நிஹாரா முகத்தை முந்தானையால் துடைத்தாள். தங்கராசா அண்ணனின் கட்டிலடியில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையை இழுத்துவந்து, என் கட்டிலுக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள்.

"நான் முன்னுக்குத்தான் இரிக்கன். கதைங்க."

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. நரம்பு காரணமில்லை, பயமும் காரணமில்லை. என்ன சொல்வதென்றே தெரியவில்லை. இவ்வளவு காலமாக மேடையில் ஒரு நாளும் எனக்கு இப்படி வசனம் மறந்ததில்லை.

அவள் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள். ஒரு நாடகமும் பார்க்காதவள், நான் வீட்டில் வசனம் பழகும்போது சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். யாருக்கும் கேட்காதபடி மெல்ல எடுத்துக்கொடுத்தாள்.

"அக்கரையில ஆரு நிக்கிற?"

"கூப்பிடுங்க" என்றேன். மண்ணை அரைத்தது போல ஒரு சத்தம். என்னுடையதுதான். "கூப்பிடுங்க, கேக்கும்."

கடைசி வரிசைக்குப் போயிருக்காது. முன்வரிசைக்குக் கேட்டது.